நூற்று நாற்பத்தெட்டுதான் மாமா

இல்லை மேடம், லிஃப்ட் ரிப்பேரானதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. கஷ்டமெல்லாம் உங்களுக்குத்தான். இரண்டு மாடி ஏறி வந்து உட்கார்ந்ததும் பேனாவைத் தேடுகிற மாதிரி மேஜை இழுப்பறையை மூன்று தடவை திறந்து மூடினீர்கள். பேனா உங்கள் சட்டைப் பையிலேயே இருந்தது. மூச்சு வாங்குவதை மறைக்க எல்லோருமே எதையாவது தேடுவார்கள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கழுத்தில் நாடி துடிப்பது இங்கிருந்தே தெரிந்தது, பழக்கதோஷத்தில் எண்ணிவிட்டேன். உட்கார்ந்தபோது நூற்றுப் பதினெட்டு. ஒரு நிமிடம் கழித்துத் தொண்ணூற்றாறு. இருபத்திரண்டு இறங்கியிருக்கிறது. நல்ல இதயம் உங்களுக்கு. இறக்கம் பன்னிரண்டுக்கும் குறைவாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். இறக்கம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது.

ஸ்டேஷனில் வாக்குமூலம் டைப் அடிக்கிறவர் லீவு, உனக்குத் தெரியுமென்றால் நீயே அடி என்று கீபோர்டை என் பக்கம் தள்ளினீர்கள். பேசுகிற மாதிரிதான் அடிக்க வரும், பரவாயில்லையா என்று கேட்டேன். "நடந்தத நடந்த மாதிரி அடி, அது போதும்" என்றீர்கள். அடிக்கிறேன். நடுநடுவே உடம்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன், அப்போது மட்டும் இருமுங்கள்.

எனக்கு இருபத்து நான்கு வயது. இறந்துபோனவர் என் அக்காவின் கணவர். உடற்பயிற்சிக் கூடத்தில் ரிசப்ஷனில் உட்கார்ந்து, வருகிறவர்களின் கார்டைப் பார்த்துத் துண்டு எடுத்துக் கொடுப்பது என் வேலை. முதுகில் 'பயிற்சியாளர்' என்று அச்சடித்த டீ-ஷர்ட் ஒன்று சொந்தமாக வாங்கி வைத்திருக்கிறேன். பெரிய கோச் இருக்கும்போது அதற்கு மேல் ஜாக்கெட் போட்டுக்கொள்வேன், வெயில் காலத்திலும். மனித உடம்பு பயிற்சியை எப்படித் தாங்குகிறது என்பதைப் பற்றிய தொள்ளாயிரம் பக்கப் புத்தகத்தை மூன்று தடவை படித்தவன் நான். அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினால் பாதிப் படியில் உட்கார்ந்துவிடுகிறவனும் நானேதான். கோச் சொல்வார்: "இவன் சமையல் குறிப்பு படிச்சே வயிறு நிறையறவன்."

பயிற்சியாளர் சான்றிதழுக்கு இரண்டு பாகம் உண்டு. முதல் பாகம் முதலுதவி. அதில் தொண்ணூற்றாறு மார்க் வாங்கினேன், இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். இரண்டாவது பாகத்துக்கு ஒரு நிஜமான ஆளுக்குப் பன்னிரண்டு வாரம் பயிற்சி கொடுத்து, அவர் உடம்பு எப்படி மாறியது என்று எண்களோடு அறிக்கை தர வேண்டும். அந்த ஆள் கிடைப்பதுதான் பாடு. முதலில் ஒரு பெயிண்டரைப் பிடித்தேன். நாலு நாள் வந்தார், ஐந்தாம் நாள் போனை அணைத்துவிட்டார். அடுத்து எங்கள் அம்மாவை சைக்கிளில் உட்காரவைத்தேன். அம்மா நாற்பது நிமிடமும் போனில் பேசிக்கொண்டே பெடலைத் தடவிக்கொடுத்தாள். நாடி தொண்ணூறைத் தாண்டவே இல்லை. சித்தியோடு பேசும்போது மட்டும் நூற்றுப் பத்து. அந்த அறிக்கையை அனுப்பினேன். 'பயிற்சியின் விளைவு தெரியவில்லை' என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பினார்கள். மூன்று ஆளுக்குத்தான் வாய்ப்பு, ஓடிப்போன பெயிண்டரும் கணக்கில் சேர்த்தி. மூன்றாவது, மாமா.

மாமாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பாய்லர் வேலை. துணி துவைக்கவும் இஸ்திரி போடவும் நீராவி வேண்டுமே, அதைக் கொதிக்கவைத்துக் கொடுக்கிற இரும்பு ராட்சசனைப் பதினேழு வருஷமாகப் பார்த்துக்கொண்டவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பாய்லர்காரர்களுக்கு உடல் தகுதி டெஸ்ட் உண்டு. இந்தத் தடவை அதில் தோற்றுவிட்டார். அன்று எங்கள் வீட்டுக்கு வந்து, சோபாவின் நுனியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

"மூணு நிமிஷம் பெஞ்சு மேல ஏறி ஏறி இறங்கச் சொன்னாங்க மச்சான். ரெண்டாவது நிமிஷத்துல கண்ணுல பூச்சி பறக்குது. டாக்டர் என் மூஞ்சியப் பாக்கவே இல்ல, மெஷினத்தான் பாத்தாரு. பெயிலு."

"இப்ப எங்க போட்டிருக்காங்க மாமா?"

"மடிக்கிற எடத்துல. தலையணை உறை. ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு. பக்கத்துல நிக்கிற பொண்ணுங்க 'அண்ணே, ஓரத்த ஓரத்தோட சேருங்கண்ணே'ன்னு எனக்குப் பாடம் எடுக்குதுங்க."

நான் சிரித்துவிட்டேன். அக்கா என் தொடையில் ஒன்று வைத்தாள். "சிரிக்காதடா. வீட்டுக்கு வந்தும் பெட்ஷீட்ட மடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. நேத்து நான் போத்திக்கிட்டு இருக்கும்போதே மடிச்சாரு."

மூன்று மாதம் கழித்து மறு டெஸ்ட். தேறினால் பாய்லர், இல்லையென்றால் ஓய்வு பெறும்வரை தலையணை உறை. டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்: பயிற்சி செய்யலாம், ஆனால் நாடி நிமிடத்துக்கு நூற்றைம்பதைத் தாண்டக் கூடாது. மாமா அந்தச் சீட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருந்தார். பாய்லர்காரர்களுக்குச் சிவப்புக் கோடு என்றால் சிவப்புக் கோடுதான். அதுவரை அவர் யார் சொல்லியும் நாலு தெரு நடந்ததில்லை. ஆனால் ஓர் எண்ணைக் கொடுத்து இதைத் தாண்டாதே என்று சொன்னால், அதற்கு ஒன்று குறைவாக ஆயுள் முழுக்க நிற்பார்.

மூன்று மாதம். பன்னிரண்டு வாரம். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

தினமும் மதியம் மூன்று மணிக்கு வருவார். அந்த நேரத்தில் கூடத்தில் ஆள் இருக்காது. ஜன்னலோரம் நிற்கிற சைக்கிளில் ஏற்றி, நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டையைக் கட்டுவேன். அந்தப் பட்டை துடிப்பை எண்ணி என் போனுக்கு அனுப்பும். சைக்கிளில் குனிந்து மிதிக்கிறவருக்குப் போன் தெரியாது. நான் வாயால் சொல்வதுதான் அவருக்கு எண்.

முதல் நாளே கேட்டார். "இந்த கேஜ எப்ப சோதிச்ச?" பாய்லரில் பிரஷர் காட்டுகிற வட்ட முகம் இருக்கிறதே, அதற்கு கேஜ் என்று பெயர். வருஷத்துக்கு ஒருமுறை நல்ல கேஜ் ஒன்றைப் பக்கத்தில் மாட்டி, இரண்டும் ஒரே எண்ணைக் காட்டுகிறதா என்று பார்ப்பார்களாம். "என் மேலயே கட்டி, கையால எண்ணிப் பாத்தேன் மாமா. ஒண்ணு கூட மாறல" என்றேன். அது சத்தியமான உண்மை. பட்டை கடைசிவரை பொய் சொல்லவே இல்லை. பட்டைக்கும் மாமாவுக்கும் நடுவில் நான் இருந்தேன், அவ்வளவுதான்.

முதல் நாலு வாரம் மாதிரி ஒரு காலம் என் வாழ்க்கையில் வந்ததில்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு நடுவயது ஆள் வேர்த்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவே. உள்ளே என்னென்ன நடக்கிறது தெரியுமா? முதல் இரண்டு வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. இதயம் ஒரு துடிப்புக்கு முன்னைவிட அதிக ரத்தத்தைத் தள்ளுகிறது, அதனால் துடிப்புகளின் எண்ணிக்கை குறைகிறது. தசைக்குள் புதிது புதிதாய் மெல்லிய ரத்தக்குழாய்கள் முளைக்கின்றன. யாரிடமும் கேட்காமல், மனு போடாமல், உடம்பு தன்னைத் தானே இடித்துக் கட்டிக்கொள்கிறது. காலையில் கண் விழித்ததும் மாமாவின் நாடி எண்பத்திரண்டு இருந்தது, நாலாவது வாரம் எழுபது. அந்தக் கோடு என் வரைபடத்தில் சறுக்குமரம் மாதிரி இறங்கியதைப் பார்த்து ரிசப்ஷன் மேஜையில் நான் தனியாகக் கைதட்டினேன். துண்டு வாங்க வந்த ஒருவர் திரும்பிப் போய்விட்டார்.

இருமுகிறீர்கள். சரி.

ஐந்தாவது வாரம் கோடு படுத்துவிட்டது. எழுபது, எழுபது, எழுபது. இதிலும் தப்பு இல்லை. உடம்பு ஒரு சுமைக்குப் பழகிவிட்டால் அதற்கு மேல் மாறாது. கூடுதல் சுமை கொடுத்தால்தான் மறுபடி மாறும். ஆனால் சுமையைக் கூட்டினால் நாடி நூற்றைம்பதைத் தொடும். மாமா உடனே பெடலை நிறுத்திவிடுவார். "சிவப்பு மச்சான்" என்று சொல்லிவிட்டுக் கையைத் தூக்கிவிடுவார். கெஞ்சினேன், கிண்டல் பண்ணினேன். மனுஷன் அசையவில்லை.

அந்த வாரம்தான் அவர் அந்தக் கதையைச் சொன்னார். தண்ணீர் குடித்துக்கொண்டே, கால் நடுங்க உட்கார்ந்து.

"பழைய எடத்துல ஒருத்தன் இருந்தான் மச்சான். பாய்லர்ல சேஃப்டி வால்வுன்னு ஒண்ணு இருக்கும். பிரஷர் ஏறிச்சுன்னா அதுவே தெறந்து ஆவிய வெளிய விட்டுடும். அவனுக்கு அது எடஞ்சலு. துணி காயறதுக்குள்ள தெறந்துக்குது, தெறந்துக்குதுன்னு பொலம்புவான். ஒரு நாள் வால்வு கைப்பிடில ஒரு இரும்புத் துண்டக் கட்டித் தொங்கவிட்டான். தெறக்கல. வேலையும் சீக்கிரம் முடிஞ்சது. மறு நாளும் கட்டினான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. கூரையில்லாத கட்டடத்த நான் அங்கதான் மொதல்ல பாத்தேன்." டம்ளரைத் தரையில் வைத்தார். "கெட்டவன்னு சொல்ல முடியாது. வேல முடியணும்னு பாத்தான்."

மூச்சு முட்டுவதும், கால் கடுப்பதும், போதும் என்று தோன்றுவதும் மனுஷனுக்கு சேஃப்டி வால்வு. அதை நானே யோசித்துக் கண்டுபிடித்து, என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கதையிலிருந்து எல்லோரும் எதையாவது கற்றுக்கொள்கிறார்கள். நான் இரும்புத் துண்டை எங்கே கட்டுவது என்று கற்றுக்கொண்டேன்.

மறுநாள் போனில் நூற்று ஐம்பத்தெட்டு காட்டியது. மாமா தலையைத் தூக்காமல், "எவ்ளோ?" என்றார்.

"நூத்தி நாப்பத்தெட்டுதான் மாமா."

மிதித்துக்கொண்டே இருந்தார்.

பத்துதான் மேடம். கறிகாய் நிறுக்கிறவர்கள் இதைவிட அதிகம் குறைக்கிறார்கள். ஏன் நூற்று நாற்பத்தெட்டு என்றால், நூற்று நாற்பத்தொன்பது பயமுறுத்தும், நூற்று நாற்பது என்றால் இவ்வளவு மூச்சு வாங்கும்போது நம்பமாட்டார். நாற்பத்தெட்டில் ஒரு நேர்மை இருக்கிறது. ஆறாவது வாரம் இருபது குறைத்தேன், ஏழாவது வாரம் முப்பது. கோடு மறுபடி சறுக்க ஆரம்பித்தது. அறுபத்தாறு, அறுபத்தொன்று, ஐம்பத்தேழு. அவ்வளவு அழகான கோட்டை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

எட்டாவது வாரம் பெரிய கோச் ஒரு மதியம் சீக்கிரம் வந்துவிட்டார். வெயிலில் அவசரமாக ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு நான், சைக்கிளில் மாமா. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஆள் இப்பவே டெஸ்ட்ல பாஸாயிடுவாருடா. வாரத்துல எத்தன நாள் லீவு குடுக்கிற?"

"ரெண்டு நாள் கோச்."

"அதக் கொறைக்காத. மூஞ்சி வாடியிருக்கு."

நான் லீவே கொடுக்கவில்லை. பயிற்சியின்போது உடம்பு வளர்வதில்லை, உடைகிறது. வளர்வது ஓய்வில்தான். புத்தகத்தில் இதற்கென்றே ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது, அடிக்கோடெல்லாம் போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் அறிக்கைப் படிவத்தில் தினத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. ஓய்வு நாளுக்கென்று கட்டம் இல்லை. காலியாக விட எனக்கு மனசு வரவில்லை. பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான், பதில் தெரியாத கேள்விக்குக்கூட ஏதாவது எழுதிவைத்துவிட்டு வருவேன்.

கோச் போனதும் மாமாவைப் பெஞ்சு மேல் மூன்று நிமிடம் ஏறி இறங்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே முடித்தார். நாலு நிமிடம் செய்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "போதுமா மச்சான்? தேறிடுவேனா?" என்று கேட்டார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பாய்லர் அறையின் சாவியை யாரோ கையில் வைத்த மாதிரி.

"இன்னும் கொஞ்சம் வேணும் மாமா. டாக்டரோட பெஞ்சு நம்ம பெஞ்ச விட ஒரு ஜாண் ஒசரம்."

இரண்டும் ஒரே உயரம். டெஸ்ட்டின் விதிப்படி எல்லாப் பெஞ்சும் ஒரே உயரம்தான். நான் டேப் வைத்து அளந்தே இருந்தேன். என் மனசில் என்ன ஓடியது என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்களே, இதுதான் ஓடியது: எட்டு வாரத்து அறிக்கையை யாரும் வாங்கமாட்டார்கள். அதற்கு மேல் சிக்கலாக ஒன்றும் ஓடவில்லை. சிக்கலாக ஓடுகிற மனசு எனக்கு இல்லை.

பத்தாவது வாரம் அக்கா வந்தாள். கூடத்துக்கே வந்துவிட்டாள், கையில் மாமாவின் மதியச் சாப்பாட்டு டப்பாவோடு. டப்பா நிறைந்தபடி இருந்தது.

"என்னடா பண்ற அவர? சாப்பாட்டுத் தட்டு முன்னாடியே தூங்கிடறாரு. ராத்திரி முழிச்சுக்கிட்டு மோட்டுவளையப் பாத்துக்கிட்டு இருக்காரு. தலையணை உறைய மடிக்கும்போது கை ஆடுதுன்னு அந்தப் பொண்ணுங்க சொல்லுது."

"உடம்பு மாறிக்கிட்டு இருக்குக்கா. அப்படித்தான் இருக்கும்."

"காலைல கையப் புடிச்சு எண்ணினேன். நாப்பத்தியொண்ணு. அதுவும் நடுவுல நின்னு நின்னு வருது. ரெண்டு அடிக்குது, ஒண்ணக் காணோம், அப்புறம் அடிக்குது."

எனக்கும் நாற்பத்தொன்றுதான் வந்திருந்தது. நடுவில் விட்டுப்போவதையும் பார்த்திருந்தேன். மிஞ்சிப் பயிற்சி எடுத்து அலுத்துப்போன உடம்பிலும் நாடி இப்படித்தான் இறங்கும், தேறிய உடம்பிலும் இப்படித்தான் இறங்கும். எண் ஒன்றேதான். எது எது என்று தெரிந்துகொள்ள ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. நான் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். பிறகு வரைபடத்தைப் பார்த்தேன். வரைபடம் நன்றாக இருந்தது.

"பெரிய பெரிய ஓட்டக்காரங்களுக்கெல்லாம் நாப்பதுதான்கா. உனக்கு எண்ணத் தெரியல, நடுவுல நீ கோட்ட விட்டுடற. அதான் காணோம் காணோம்ங்கிற."

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் எனக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். படிக்கட்டில் உட்காரவைத்து, ஒன்று இரண்டு என்று. "நெசமாத்தான் சொல்றியா?" என்று மட்டும் கேட்டாள். தலையாட்டினேன். டப்பாவை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனாள். பசி நேரம், நான் சாப்பிட்டுவிட்டேன். நன்றாக இருந்தது.

மாமாவும் கேட்காமல் இல்லை. பதினோராவது வாரம், மிதிக்கும்போது நெஞ்சைத் தடவிக்கொண்டு, "பாய்லர்ல இந்த மாதிரி சத்தம் வந்தா நான் நிறுத்திடுவேன் மச்சான். எவ்ளோ காட்டுது?" என்றார்.

"நூத்தி நாப்பத்தெட்டுதான் மாமா."

"அப்ப சத்தம் என் காதுலதான் போல."

பதினேழு வருஷம் கேஜை நம்பி வாழ்ந்த மனுஷன். காதை நம்பவில்லை, நெஞ்சை நம்பவில்லை. வேறு யாராக இருந்தாலும், போடா நீயும் உன் எண்ணும் என்று இறங்கிப் போயிருப்பார்கள். அந்தப் பெயிண்டர் போகவில்லையா? இது மாமாவால் மட்டும்தான் முடியும். அவரை மாதிரி ஆள் கிடைப்பது அபூர்வம், அதை நான் எப்போதும் சொல்வேன்.

இனி திங்கட்கிழமை. பன்னிரண்டாவது வாரம், வியாழக்கிழமை டெஸ்ட். கோச் சாப்பிடப் போயிருந்தார். சுமையைக் கடைசி அளவுக்குத் திருப்பினேன். மூன்று மணி இருபத்திரண்டுக்குப் போனில் நூற்று எண்பத்தேழு. அவர் வயதுக்கு அது வரவே கூடாத எண். நான் கொஞ்சம் பெருமைப்பட்டேன்.

"எவ்ளோ?"

"நூத்தி நாப்பத்தெட்டுதான் மாமா."

மாமா பெடலை நிறுத்தினார். பன்னிரண்டு வாரத்தில் நான் எண் சொல்லி அவர் நம்பாமல் நிறுத்தியது அதுதான் முதல் தடவை. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. வேலைக்காரன் வேலைக்காரனிடம் பேசுகிற மாதிரி சொன்னார்.

"மச்சான், உன் கேஜ் தப்பா காட்டுது."

சொல்லிவிட்டுச் சைக்கிளிலிருந்து பக்கவாட்டில் சரிந்தார்.

நான் ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினேன்.

நான் டைப் அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த நீங்கள் இப்போது என்னைப் பார்க்கிறீர்கள். விளக்குகிறேன். பயிற்சியை நிறுத்திய பிறகு முதல் ஒரு நிமிடத்தில் நாடி எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் மொத்த அறிக்கையிலும் முக்கியமான கட்டம். அதற்கு மட்டும் பத்து மார்க். ஆரம்பத்திலேயே சொன்னேனே, உங்களுக்கு இருபத்திரண்டு என்று. பன்னிரண்டாவது வாரத்தில் நிறுத்துகிற நொடியிலிருந்து அளக்க வேண்டும். மாமா நிறுத்திவிட்டார். நிறுத்தியது நிறுத்தியதுதானே. போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இருபதாவது விநாடியில் எண் மறைந்து இரண்டு சின்னக் கோடு வந்தது. விழுந்ததில் பட்டை நழுவியிருக்கும் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தேன், பட்டை நழுவவில்லை. ஆனாலும் நழுவியிருக்கும் என்றே நினைத்தேன். அறுபது விநாடி ஆயிற்று. படிவத்தில் இரண்டாவது நிமிடத்துக்கும் ஒரு கட்டம் உண்டு, அதற்கும் நின்றேன்.

சுவரில் துண்டு அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி தொங்குகிறது. நின்றுபோன இதயத்துக்கு மின்சாரம் கொடுத்துத் திரும்ப ஓட்டுகிற மெஷின். சைக்கிளிலிருந்து பதினோரு அடி. வாரா வாரம் அதன் தூசியைத் தட்டுகிறவன் நான்தான். ஒவ்வொரு நிமிடம் தாமதமானால் பிழைக்கிற வாய்ப்பு ஏறக்குறைய பத்துப் பத்து சதவீதமாகக் குறையும். முதலுதவிப் பரீட்சையில் இந்தக் கேள்வி வந்தது, சரியாக எழுதினேன். தொண்ணூற்றாறு மார்க்கில் அதுவும் சேர்த்தி. இரண்டு நிமிடம் முடிந்ததும் பெட்டியைத் திறந்தேன், அது சொன்னதையெல்லாம் வரிசை தப்பாமல் செய்தேன். ஆம்புலன்ஸில் வந்தவர், "நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க தம்பி, கொஞ்சம் முன்னாடி ஆரம்பிச்சிருக்கலாம்" என்றார். நான் ஜாக்கெட் போட மறந்திருந்தேன். முதுகில் இருந்ததைப் படித்துவிட்டு, "நீங்கதான் பயிற்சியாளரா?" என்று கேட்டார். முதல் தடவையாக ஒருவர் என்னை அப்படிக் கேட்டார். ஆமாம் என்றேன்.

நான் தினமும் எண்களைக் குறித்துவந்த நோட்டை அக்காதான் உங்களிடம் கொடுத்தாளாம். மாமாவின் கைக்கடிகாரத்தைத் தேடி என் பையைத் திறந்திருக்கிறாள். என் நோட்டில் எப்போதும் இரண்டு பத்தி இருக்கும். ஒன்றின் தலைப்பு 'உண்மை'. மற்றது 'மாமாவுக்கு'. இடது பக்கம் நூற்று ஐம்பத்தெட்டில் ஆரம்பித்து நூற்று எண்பத்தேழு வரை. வலது பக்கம் மேலிருந்து கீழ்வரை நூற்று நாற்பத்தெட்டு. ஐந்தாவது வாரத்திலிருந்து ஒரு நாள் விடாமல். பொய் சொன்னேன்தான், ஆனால் ஒரு பொய்யைக்கூடக் குறிக்காமல் விடவில்லை. நோட்டை வைத்துத்தானே நீங்கள் எல்லாவற்றையும் கண்டுபிடித்தீர்கள். இந்த ஒழுங்கை யாராவது பாராட்டுவார்கள் என்று பார்த்தேன். அக்கா படித்துவிட்டு ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாளாம், கீழே அந்த ஏட்டய்யா சொன்னார். "எனக்கு எண்ணத் தெரியலைன்னு சொன்னானே" என்றாளாம்.

சரி, எழுதிவிடுகிறேன். டாக்டர் போட்ட கோடு எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எண்ணை மாற்றிச் சொன்னேன், ஒவ்வொரு நாளும். எட்டாவது வாரமே அவர் தேறிவிட்டார் என்று தெரிந்தும் நிறுத்தவில்லை. அவர் விழுந்தபோது இதயம் நின்றுவிட்டது என்று இருபதாவது விநாடியிலேயே தெரியும். தெரிந்தும் இரண்டு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமாவைக் கொன்றது நான்தான். இதில் எழுத்துப் பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்திவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன். நான் ஒன்றும் கெட்டவன் இல்லை என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இன்னும் ஒரே ஒரு சந்தேகம், மேடம். நீங்கள் அனுபவசாலி, அதனால் கேட்கிறேன். அறிக்கையை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். எல்லாக் கட்டமும் நிரப்பியாகிவிட்டது, 'ஒரு நிமிட இறக்கம்' மட்டும் காலி. நிறுத்தியபோது நூற்று எண்பத்தேழு, அறுபதாவது விநாடியில் இரண்டு கோடு. கோட்டைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டால் இறக்கம் நூற்று எண்பத்தேழு. இறக்கம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்பது புத்தகத்தின் விதி, நான் வைத்தது இல்லை. அப்படி ஒரு இறக்கம் இதுவரை எந்த அறிக்கையிலும் வந்திருக்காது. ஆனால் பார்க்கிறவர்கள் நம்பாமல் போகலாம். பட்டை நழுவிவிட்டது என்று எழுதினால் பிரச்சினை இல்லை, ஆனால் பத்து மார்க் போகும். எதைப் போட்டால் பாஸாவேன், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?